வாலிபர்கள் செய்து கற்கட்டும்

நம் மஹல்லாக்களில் பெரியவர்கள் நாலு பேர் கூடினால் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு. வாலிபர்கள் பள்ளிவாசல் பக்கம் வருவதில்லை. ஜும்ஆவுக்கு வந்தாலும் குத்பா முடிகிற நேரத்தில் கடைசி ஸஃப்பில் நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பதே அது. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதே வாலிபர்களை வேறு சில வேளைகளிலும் நாம் காண்கின்றோம். மையத்து வீட்டில் சந்தூக்கைத் தோளில் தாங்க முதலில் வருபவர்கள் அவர்களே. நிக்காஹ் வீட்டில் விருந்து பரிமாறுபவர்களும் அவர்களே. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அடித்தபோது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவக் குடும்பங்களுக்கு உணவும் இடமும் அளித்தார்கள். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்துவிடப்பட்டன. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனாவில் இறந்தவர்களைத் தொடுவதற்கு உற்றாரே அஞ்சி நின்ற வேளையில், முஸ்லிம் தொண்டர்கள் முன்வந்து பல சமயத்தாரின் உடல்களையும் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள். இந்தப் பணிகளிலெல்லாம் முன்னின்ற கைகளில் வாலிபர் கைகள் ஏராளம்.

ஆகவே மனமில்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. ஆபத்து வேளை முடிந்ததும் என்ன நடக்கிறது? "போதும் தம்பி, நீ போ, இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அனுப்பிவிடுகிறோம். சுமக்கிற வேலை அவர்களுக்கு, யோசிக்கிற வேலை நமக்கு என்று நாமாகவே பிரித்து வைத்திருக்கிறோம். பந்தல் கட்டத் தெரிந்த வாலிபனுக்குப் பந்தலின் செலவு தெரியாது. கஞ்சி வாளி தூக்கும் பிள்ளைக்கு அந்தக் கஞ்சிக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பத்து வருடம் இப்படித் தூக்கிவிட்டு, முப்பது வயதில் ஒரு நாள் ஜமாஅத் பொறுப்பு அவன் தலையில் விழும்போது, ஒன்றும் தெரியாமல் விழிக்கிறான். அப்போதும் குறை சொல்பவர்கள் நாம்தாம்.

ஒரு பொறுப்பை வாலிபர்களிடம் ஒப்படைத்து, அதைச் செய்வதன் வழியாகவே அவர்கள் கற்கும்படி செய்வது எப்படி என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

இருபது இரவுகள்

மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி புகாரி ஷரீஃபில் இடம் பெற்றுள்ளது. அவரும் ஏறத்தாழ ஒத்த வயதுடைய சில வாலிபர்களும் மதீனாவுக்கு வந்து, அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் இருபது இரவுகள் தங்கினார்கள். அந்த நாட்களில் அண்ணலார் அவர்களிடம் மிகுந்த இரக்கமும் மென்மையும் காட்டினார்கள். வாலிபர்களுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டதை உணர்ந்ததும், யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பிறகு, உங்கள் குடும்பத்தாரிடம் திரும்பிச் செல்லுங்கள், அவர்களோடு தங்கி அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று அனுப்பி வைத்தார்கள். தாம் தொழக் கண்டவாறே தொழும்படியும், தொழுகை வேளை வந்தால் ஒருவர் பாங்கு சொல்லி, வயதில் மூத்தவர் இமாமாக நிற்கும்படியும் பணித்தார்கள்.

இச்செய்தியைத் தொழுகையின் சட்டத்துக்கு ஆதாரமாக நாம் பல முறை கேட்டிருக்கின்றோம். இதை ஒரு வாலிபர் பயிற்சி முகாமின் வரலாறாகவும் ஒரு தடவை வாசித்துப் பார்க்க வேண்டும். பாடம் சொன்னதாக மட்டும் இல்லை. கண்ணால் காணும்படி இருபது நாட்கள் கூடவே வாழ விட்டார்கள். அவர்களுடைய மனம் எங்கே இருக்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார்கள். முடிவில் கற்றவர்களைக் கற்பிப்பவர்களாக ஆக்கி ஊருக்கு அனுப்பினார்கள். இருபது நாள் மாணவர்கள் இன்னும் பக்குவப்படவில்லையே என்று தயங்கவில்லை. நம்மிடம் ஒரு வாலிபர் மூன்று வருடம் வந்து போனாலும், பாங்கு சொல்ல அவரை அனுமதிக்கலாமா என்று நிர்வாகக் கமிட்டியில் பேசுகிறோம்.

அபூஸஈத் அல்குத்ரி (ரலி) அவர்கள் அறிவிக்கும் இன்னொரு நிகழ்ச்சி அபூதாவூதில் உள்ளது. ஒரு சிறுவர் ஆட்டை உரித்துக்கொண்டிருந்தார். அது அவருக்குச் சரியாக வரவில்லை. அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், சற்று நகர்ந்துகொள், நான் காட்டுகிறேன் என்று கூறி, தோலுக்கும் இறைச்சிக்கும் நடுவே தம் கையை நுழைத்து, அக்குள் மறையும் அளவுக்கு உள்ளே செலுத்திக் காட்டினார்கள். பிறகு தொழுவிக்கச் சென்றுவிட்டார்கள். உலகத்துக்கு வழிகாட்ட வந்தவர்கள் ஓர் ஆட்டுத் தோலில் கையை நுழைத்துக் காட்டியதில் எவ்வளவு பணிவு இருக்கிறது! அது ஒருபுறமிருக்க, கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. முழு ஆட்டையும் தாமே உரித்துக் கொடுத்துவிடவில்லை; இது கூடத் தெரியாதா என்று கேட்கவுமில்லை. ஒரு தடவை காட்டினார்கள், வேலையைச் சிறுவரிடமே விட்டார்கள்.

சில நேரம் அண்ணலார் காட்டிக்கொடுப்பதையும் தாமதப்படுத்தியிருக்கிறார்கள். ஒருவர் அவசர அவசரமாகத் தொழுதுவிட்டு வந்து ஸலாம் சொன்னபோது, நீர் தொழவில்லை, திரும்பிப் போய்த் தொழும் என்றார்கள். மூன்று தடவை இப்படியே நடந்தது. இதைவிட நன்றாக எனக்குத் தொழத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று அவரே கேட்ட பிறகுதான், ருகூவு, ஸுஜூது என்று ஒவ்வொன்றாக நிதானத்தோடு செய்யும் முறையை விளக்கினார்கள். கேள்வி உள்ளத்தில் பிறந்த பிறகு கிடைக்கும் பதில் மறப்பதில்லை. நம்மில் பலர், பிள்ளை தடுமாறத் தொடங்கும் முன்பே பதிலைச் சொல்லிவிடுகிறோம். பிறகு, சொன்னதை மறந்துவிட்டான் என்று வருந்துகிறோம்.

உஸாமா (ரலி) அவர்களின் படை

பொறுப்பு கொடுப்பது என்றால் எதுவரை என்று கேட்கலாம். ஹிஜ்ரி 11-இல் ஷாம் நாட்டின் பக்கம் அனுப்பவிருந்த படைக்கு உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களைத் தளபதியாக நபி (ஸல்) அவர்கள் நியமித்தார்கள். அப்போது அவருக்கு ஏறத்தாழ 18 வயது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மூத்த ஸஹாபாக்கள் இருக்க இந்த இளைஞரா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அண்ணலார் தம் நோயின் போதும் அந்த நியமனத்தை மாற்றவில்லை. இவருடைய தந்தையின் தலைமையைப் பற்றியும் முன்பு நீங்கள் குறை சொன்னவர்கள்தாமே, இவர் தலைமைக்குத் தகுதியானவரே என்று உறுதிப்படுத்தினார்கள். அவர்களது மறைவுக்குப் பிறகு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் அப்படையை வழியனுப்பிய விதம் சரித்திரத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. உஸாமா குதிரைமீது இருக்க, கலீஃபா கால்நடையாகக் கூட நடந்தார்கள். ஆட்சிக்கு உதவியாக உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் தங்க வேண்டியிருந்தது. கலீஃபா கட்டளையிட்டிருக்கலாம், ஆனால் படையில் சேர்க்கப்பட்டிருந்த உமரைத் தம்மிடம் விட்டுச் செல்ல அந்த இளம் தளபதியிடம் அனுமதி கேட்டார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இப்னு உமர் (ரலி) அவர்கள் உஹதுப் போரின்போது 14 வயதினர். போருக்கு வர அனுமதிக்கப்படவில்லை. அகழ்ப் போரின்போது 15 வயதினர், அனுமதிக்கப்பட்டார். ஆர்வம் இருக்கிறதே என்பதற்காக எதையும் யாரிடமும் கொடுத்துவிடுவது மார்க்கத்தின் வழியன்று. எந்த வயதில், எந்தப் பளு, தவறினால் யாருக்கு என்ன இழப்பு என்று அளந்து பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். மின்சாரக் கம்பியைக் கையாளுவதும் ஆழமான கிணற்றில் இறங்குவதும் அனுபவப் பாடங்களல்ல. அவை தொழில் தெரிந்தவர்களின் வேலை.

பிற நாட்டார் கண்டது

நம் காலத்தில் மேலை நாட்டார் இதை ஒரு தனித் துறையாகவே வளர்த்திருக்கிறார்கள். அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1938-இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில், எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது, சில அனுபவங்கள் மேற்கொண்டு கற்கும் வழியையே அடைத்துவிடும் என்று எச்சரித்தார். 1941-இல், இரண்டாம் உலகப் போரின் நடுவே, வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவி என்ற ஊரில் இளைஞர்களுக்கான ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய ஆசிரியர் குர்ட் ஹான் என்பவரும், லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் கம்பெனிக்காரரும் சேர்ந்து தொடங்கியது அது. குண்டுபட்டு மூழ்கும் கப்பல்களில் உடல் வலுவுள்ள இளம் மாலுமிகள் மாண்டுபோக, வயதான மாலுமிகள் தாக்குப்பிடித்துக் கரைசேர்கிறார்களே என்பது ஹோல்ட்டின் கவலை. கடலில் பட்டறிந்த மனத்துக்கு இருந்த உறுதி, வெறும் உடல் பலத்துக்கு இருக்கவில்லை என்று அவர் கருதினார். ஏறத்தாழ ஒரு மாதம் கடலிலும் மலையிலும் இளைஞர்களைப் பழக்கினார்கள்.

பிரிட்டனில் 1960-இல் ஆல்பமார்ல் குழுவின் அறிக்கை வந்த பிறகு, இளைஞர் பணிக்கென்று பயிற்சி பெற்ற ஊழியர்கள் பெருகினார்கள். அந்தப் பணியின் அடிப்படை, இளைஞன் தானாக விரும்பி வர வேண்டும் என்பதும், அவனோடு உரையாட ஒரு பெரியவர் வேண்டும் என்பதும்தான். 1984-இல் டேவிட் கோல்ப் என்பவர் எழுதிய நூல், அனுபவத்தால் கற்பதை ஒரு வட்டமாக விளக்கியது. ஒன்றைச் செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருவது, அந்த முடிவை மறுபடியும் செய்து சோதிப்பது. நம் நாட்டிலும் 1969 செப்டம்பரில் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. இரண்டாண்டில் 240 மணி நேரத் தொண்டும், கிராமத்தில் ஏழு நாள் முகாமும் அதில் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் அதில் சேர்ந்து மரம் நட்டிருக்கிறார்கள், குளம் தூர் வாரியிருக்கிறார்கள். முகாம் முடிந்து, என்ன கற்றாய் என்று அவர்களிடம் வீட்டில் யாராவது கேட்டோமா என்பது வேறு விஷயம்.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, மேற்சொன்ன வட்டத்தின் இரண்டாம் பகுதி. நம் மஹல்லாக்களில் வேலை செய்வதற்குக் குறைவே இல்லை. செய்ததைத் திரும்பிப் பார்ப்பதுதான் இல்லை.

கஞ்சி அண்டாவின் அருகே

ரமளான் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தின் பள்ளிவாசல்களில் இதைவிடப் பெரிய அனுபவப் பாடசாலை வேறு இல்லை. லுஹருக்குப் பின் அடுப்பு மூட்டி, பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் அண்டாவில் வேக, இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு, மல்லி, புதினா தாளித்துக் கொட்டி, அடிப்பிடிக்காமல் துழாவி, தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குவதற்குள் அஸர் வந்துவிடும். அஸர் தொழுகை முடிந்ததும் தூக்குச் சட்டிகளோடு பெண்களும் பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் அக்கம்பக்கத்து இந்து, கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. நோன்பு திறக்கும் நேரத்தில் பள்ளியில் இருப்பவர்களுக்கு வேறு வைக்க வேண்டும்.

இந்த முழு வேலையையும் ஒரு பத்து நாட்களுக்கு ஐந்தாறு வாலிபர்களிடம் ஒப்படைத்தால் என்ன? பண்டாரி இருக்கட்டும், சமைப்பது அவர் பொறுப்பு. எத்தனை படி அரிசி போடுவது, எந்தக் கடையில் மளிகை வாங்குவது, வரிசையை எப்படி நிறுத்துவது, பள்ளிக்கு எத்தனை கோப்பை ஒதுக்குவது என்பதெல்லாம் அவர்களுடைய முடிவாக இருக்கட்டும்.

மூன்றாம் நாள் கஞ்சி குறைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசையின் கடைசியில் நின்ற பத்துப் பேர் வெறும் சட்டியோடு திரும்புகிறார்கள். இந்த இடத்தில்தான் நம்முடைய பொறுமைக்குச் சோதனை. முத்தவல்லி வந்து, "நான் அப்பவே சொன்னேனே!" என்று ஒரு சத்தம் போட்டால், அன்றோடு அந்த வாலிபர்களுக்குக் கிடைத்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: இனி எந்தப் பொறுப்புக்கும் முன்வரக்கூடாது. டூயி எச்சரித்தாரே, கற்கும் வழியை அடைத்துவிடும் அனுபவம் என்று, அது இதுதான்.

அதற்குப் பதிலாகத் தராவீஹ் முடிந்ததும் பத்து நிமிடம் அவர்களைப் பள்ளித் திண்ணையில் உட்கார வைத்து, பக்குவமான ஒருவர் பேச்சுக் கொடுக்கட்டும். என்ன நடந்தது என்று முதலில் கேட்க வேண்டும். ஏன் என்பது அடுத்தது. ஒருவர் அரிசி குறைவு என்பார். இன்னொருவர், அரிசி நேற்றைய அளவுதான், முதலில் வந்தவர்களுக்குப் பெரிய சட்டி நிறைய ஊற்றிவிட்டோம் என்பார். மூன்றாமவர், வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம் என்பதை நாம் நினைக்கவில்லை என்பார். பெரியவருக்கு விடை முன்பே தெரிந்திருக்கும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்; இது எளிதன்று. பிறகு, நாளைக்கு என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டும். வீட்டுக்கு இத்தனை கரண்டி என்று அளவு வைக்கலாம் என்பார்கள். அப்போது, ஒன்பது பேர் உள்ள வீட்டுக்கும் இரண்டு பேர் உள்ள வீட்டுக்கும் ஒரே அளவா என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு எழுந்துவிடலாம். நீதி என்பது சமமாகக் கொடுப்பதா, தேவைக்கேற்பக் கொடுப்பதா என்று அன்றிரவு அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சை எந்த பயானும் அவர்களுக்குத் தந்திருக்காது.

வெறும் சட்டியோடு திரும்பிய பத்து வீடுகள் எவை என்று விசாரித்து, மறுநாள் முதலில் அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும் அவர்களே போக வேண்டும். தவறைத் திருத்துவது தவறியவரின் உரிமை. அதை நாம் பறித்துக்கொள்ளக்கூடாது.

பணத்தின் விஷயம்

கஞ்சி குறைந்தால் ஒரு நாள் வருத்தம். பணம் குறைந்தால் குடும்ப மானம் போய்விடும். ஆகவே இதில் வேறு முறை வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைத்துக்கொள்ளவும் திருமறை அல்பகரா அத்தியாயத்தில் விரிவாகக் கட்டளையிடுகிறது. நம்பிக்கை இல்லாததால் அல்ல, நம்பிக்கை கெடாமல் இருப்பதற்காகவே எழுதச் சொல்லப்பட்டது. வாலிபர்களிடம் வசூல் பொறுப்பைக் கொடுக்கும்போது, எப்போதும் இருவராகச் செல்வது, அன்றன்றே எழுதி ஒப்படைப்பது, கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என்ற ஒழுங்கை முதலிலேயே வகுத்துவிட வேண்டும். அதே ஒழுங்கு பெரியவர்களுக்கும் உண்டு என்பதை அவர்கள் காண வேண்டும். ஜமாஅத்தின் கணக்கை யாருக்கும் காட்டாத நிர்வாகம், பிள்ளைகளிடம் மட்டும் பைசா கணக்குக் கேட்டால், அவர்கள் அமானிதத்தைக் கற்கமாட்டார்கள். வேறு எதையோ கற்றுக்கொள்வார்கள்.

ஃபித்ரா வீடுகள்

பெருநாள் தொழுகைக்கு முன் ஃபித்ராவைச் சேர்ப்பிக்க வேண்டும். காலம் குறுகியது, வீடுகள் பல. பெரும்பாலும் கடந்த வருடப் பட்டியலை வைத்துக்கொண்டே நாம் கொடுத்து முடித்துவிடுகிறோம். ரமளானின் கடைசிப் பத்தில், பட்டியலைப் புதுப்பிக்கும் வேலையை வாலிபர்களிடம் கொடுத்துப் பார்க்கலாம். இது கஞ்சி வேலையைவிடக் கடினமானது, நுட்பமானது.

கையேந்தாத தன்மானத்தால், அறியாதவர்கள் செல்வந்தர் என்று எண்ணிவிடும் ஏழைகளைப் பற்றித் திருமறை பேசுகிறது. அவர்களை முகக்குறியால் அறியலாம் என்றும் கூறுகிறது. அந்த முகக்குறியைப் படிக்கப் புத்தகத்தில் கற்றுக்கொள்ள முடியாது. வெளியே வெள்ளையடித்த வீடு; உள்ளே மூன்று மாதமாக வளைகுடாவிலிருந்து பணம் வரவில்லை. நேற்றுவரை தன்னோடு ஒரே பெஞ்சில் படித்த நண்பனின் வீடு அது. வாசலில் போய் நின்ற வாலிபன் என்ன பேசுவது என்று தெரியாமல் தடுமாறுவான். அந்தத் தடுமாற்றம்தான் பாடத்தின் தொடக்கம். கணக்கெடுக்க வந்திருக்கிறோம் என்று சொல்வதா, உம்மாவிடம் சலாம் சொல்லச் சொன்னார்கள் என்று பேச்சைத் தொடங்குவதா, இரவில் போவதா பகலில் போவதா என்று அவனே யோசிக்க வேண்டும்.

இதில் மட்டும் சில கட்டுப்பாடுகளை நாம் முன்பே உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். கண்டதை வெளியே பேசக்கூடாது. பட்டியலை யாரிடமும் காட்டக்கூடாது. கைப்பேசியில் படம் எடுப்பது அறவே கூடாது. அரிசிப் பையைக் கொடுக்கும்போது வாங்குபவரின் முகத்தோடு சேர்த்துப் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு தர்மம் செய்பவருக்கு மறுமையில் அர்ஷின் நிழல் உண்டு என்று கேட்டு வளர்ந்த நாம் இதைச் செய்வது வெட்கத்துக்குரியது. இதைச் செய்பவர்கள் வாலிபர்கள் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. மேடையில் நின்று படத்துக்கு முகம் காட்டும் பெரியவர்களிடமிருந்துதான் அவர்கள் கற்றார்கள்.

சந்தடி சாக்கில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். ஜமாஅத் தேர்தலில் கூட்டம் காட்டவும், எதிர்த்தரப்பாரைப் பள்ளி வாசலில் நின்று மிரட்டவும் வாலிபர்களைப் பயன்படுத்தும் ஊர்கள் உண்டு. அதுவும் அனுபவக் கல்விதான். அதில் தேறிய பிள்ளைகள் பின்னாளில் அதே ஜமாஅத்தை என்ன செய்வார்கள் என்பதை எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டார் சொல்லும் தடை

"படிக்கிற பிள்ளை, பள்ளிவாசல் வேலை, தொண்டு என்று சுற்றினால் மார்க் என்னாவது?" என்று வாப்பாமார்களும் உம்மாமார்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பரீட்சை மாதத்தில் எந்தப் பொறுப்பும் கொடுக்கக்கூடாது. பொறுப்பேற்பவர் எந்த நேரத்தில் வீடு திரும்புவார் என்று வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர் யார் என்று பெற்றோர் அறிந்து சம்மதித்திருக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் பெற்றோரைக் குறை சொல்வது முறையன்று.

ஆனால் வீட்டுக்குள்ளேயும் இதே குறை இருக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு ரேஷன் கடையில் என்ன கிடைக்கும் என்று தெரியாது, பாங்கில் பணம் கட்டத் தெரியாது, நோயாளியோடு ஓர் இரவு ஆஸ்பத்திரியில் தங்கியதில்லை. பாட்டனாருக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பை ஒரு மாதம் முழுவதும் அவனிடமே விட்டுப் பாருங்கள். வேளை தவறிவிடாமல் ஒரு கண் வைத்துக்கொண்டு, கையை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள். அனஸ் (ரலி) அவர்கள் பத்து வருடம் நபி (ஸல்) அவர்களிடம் பணிபுரிந்தார்கள். அந்தப் பத்து வருடத்தில் தம்மைச் சீ என்று ஒரு சொல் சொன்னதில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கடிந்ததில்லை என்று அவர்களே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். சிறுவராக வந்து சேர்ந்து வாலிபராக வளர்ந்த அந்தப் பத்து வருடத்தில் அவர்கள் கைதவறிச் செய்த பிழைகள் எத்தனை இருந்திருக்கும்!

பெண் பிள்ளைகள்

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, இது ஆண் பிள்ளைகளுக்கான பாடம் என்று வீட்டுப் பெண்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெண்கள் செய்து கற்க வேண்டிய, ஆனால் நாளுக்கு நாள் அருகிவரும் பெரும் பணி ஒன்று இருக்கிறது. அதுதான் பெண் மையத்தைக் குளிப்பாட்டுவது. பல ஊர்களில் இதற்கென்று ஒன்றிரண்டு வயதான பெண்மணிகளே இருக்கிறார்கள். அவர்களுக்கும் உடம்பு முடியாமல் போனால் பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது. இளம் பெண்கள் அந்த அறையின் வாசலைக் கூட மிதிப்பதில்லை. பயந்துவிடுவாள் என்று நாமே தடுத்துவிடுகிறோம்.

நபி (ஸல்) அவர்களின் மகளார் காலமானபோது குளிப்பாட்டிய பெண்களில் உம்மு அதிய்யா (ரலி) அவர்களும் ஒருவர். மூன்று அல்லது ஐந்து, தேவை எனக் கண்டால் அதைவிடக் கூடுதலான தடவைகள், தண்ணீராலும் இலந்தை இலையாலும் குளிப்பாட்டும்படியும், கடைசித் தடவையில் கற்பூரம் சேர்க்கும்படியும், வலப்புறத்தைக் கொண்டும் உளூவின் உறுப்புகளைக் கொண்டும் தொடங்கும்படியும் அண்ணலார் அவர்களிடம் கூறினார்கள். எத்தனை தடவை என்பதில் அந்தப் பெண்களின் கருத்துக்கே இடம் விட்டதைக் கவனிக்க வேண்டும். கூந்தலை மூன்று பின்னல்களாகப் பின்னியதை உம்மு அதிய்யா அவர்கள் அறிவிக்கிறார்கள். பிற்காலத்தில் இந்தச் சட்டத்தைக் கற்க அவர்களிடம் ஆட்கள் வந்தார்கள். செய்தவரிடமே கற்றுக்கொள்வது அன்றே இருந்த வழி.

இன்றும் அதே வழி போதும். நிஸ்வான் மத்ரஸாக்களில் இதன் சட்டங்களைப் பாடமாக நடத்துகிறார்கள், நல்லது. பதினெட்டு வயது கடந்த, மனம் ஒப்பிய பெண்கள் இருவரை, அனுபவமுள்ள பெண்மணியோடு முதலில் கபன் துணி வெட்டப் பழக்கலாம். ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. அளவெடுப்பது, ஓரம் கிழிப்பது, அடுக்கி விரிப்பது என்று எதையும் மையத்து இல்லாமலேயே கற்கலாம். அடுத்த கட்டமாகத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவராக அறைக்குள் நிற்கட்டும். அவ்ரத்தை மறைத்த துணி விலகாமல் தண்ணீர் ஊற்றுவதற்கு எத்தனை கவனம் வேண்டும் என்று அப்போது தெரியும். அதற்கும் பிறகே, அவர்களாகக் கேட்கும்போது, கை வைக்க அழைக்கலாம். வெளியே வந்ததும் அவர்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடாமல், அந்தப் பெரியம்மா ஒரு கிளாஸ் தேநீரோடு அவர்கள் அருகில் உட்கார வேண்டும். பயந்தாயா, எது மனத்தை உறுத்தியது, எது புரியவில்லை என்று கேட்க வேண்டும். சில பெண்கள் அழுவார்கள். மையத்தின் உடலில் கண்ட குறையை வெளியே சொல்லக்கூடாது என்ற சட்டத்தையும் அந்த நேரத்திலேயே நினைவூட்டிவிடலாம். அடுத்த மையத்துக்கு அவர்களைக் கூப்பிடும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளட்டும். வர மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், துணி வெட்டுகிற வேலையோடு நிறுத்திக்கொள்ளட்டும். அந்த வேலைக்கும் ஊரில் ஆள் தேவைப்படுகிறது.